கீழே கிடந்த குழை

என் தம்பியை யானை கொன்றது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஊருக்கு என்ன, முடிவு செய்வது சுலபம். செத்தவன் ஊருக்குத் தம்பியில்லையே.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டு யானையைத் திட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து வளவு வடிவம்மாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஆனைக்குத் தெரியுமே பிள்ளை, ஆர் நல்லவன் ஆர் கெட்டவன் எண்டு? விதி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விதிக்கு உங்கட வீட்டு விலாசம் தெரியாதோ அக்கா?" என்று கேட்டேன்.

அவள் எழும்பி அடுத்த கதிரைக்குப் போய்விட்டாள். என் வாய் அப்படித்தான். ஜெயரூபியின் வாய்க்குப் பயந்து நாயும் சுற்றிப் போகும் என்று இந்தப் பனிச்சங்கண்டலில் சொல்வார்கள். சொல்லட்டும். போரில் அப்பாவையும் அம்மாவையும் இழந்து, முகாமில் ஒரு தம்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வரிசையில் அடிபட்டவளுக்கு வாயாவது இருக்க வேண்டாமா?

சஜீவன் எனக்குத் தம்பி என்பதைவிடப் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். என் புருஷன் தவேந்திரனோ இந்த மண்ணின் பழைய குடும்பம். குளத்துக்குக் கீழே வயல், உழவு மெசின், கோயிலில் முதல் மரியாதை எல்லாம் உண்டு. என்னைக் கட்டியபோது அவருடைய ஆட்கள், "உனக்குத் தோட்டக்காட்டிலயோ பொம்பிளை கிடைச்சது?" என்று நான் கேட்கக் கேட்கவே கேட்டார்கள். அன்றைக்கு அவர் எனக்காக அவர்களோடு சண்டை பிடித்தார். அந்த ஒரு சண்டைக்காகவே நான் இத்தனை வருஷம் அந்த மனிதனைத் தலையில் வைத்துக் கொண்டாடினேன். தம்பியும் அத்தான், அத்தான் என்று அவர் பின்னாலேயே திரிந்தான்.

எங்கள் ஊரில் காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யாமல் போகமாட்டார்கள். காட்டு வாசலில் ஒரு பெரிய வீரை மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு கல். அதுதான் ஐயனார். போகிறவன் பக்கத்துச் செடியில் இலையோடு ஒரு குழையை முறித்து, அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் செருகி, "ஐயனே, போட்டு வாறன், பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பான். திரும்பி வந்தால், தன் குழையைத் தானே எடுத்துக் கீழே போட்டு, "வந்திட்டன் ஐயனே" என்று சொல்ல வேண்டும். மற்றவன் குழையில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். பொழுதுபட்ட பிறகும் கிளையில் ஒரு குழை மிஞ்சியிருந்தால், ஒருவன் இன்னும் உள்ளே நிற்கிறான் என்று அர்த்தம். ஆண்கள் ஆனைவெடியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு, குழை போடக்கூட நிற்காமல், தேடப் புறப்பட்டுவிடுவார்கள். களவாக முதிரை மரம் தறிக்கப் போகிற கள்ளன்கூடக் குழை போட்டுவிட்டுத்தான் போவான். பிறந்ததிலிருந்து பழகிய கை அது, தன்பாட்டில் செய்யும்.

சஜீவன் தேன் எடுக்கப் போன நாளும் ஒரு குழை மிஞ்சியது. வழக்கமாக என் புருஷனும் அவனும்தான் சேர்ந்து போவார்கள். அன்றைக்கு அவர் மெசினுக்குச் சாமான் வாங்க மாங்குளம் போவதாகச் சொல்லியிருந்தார், தம்பி தனியாகப் போயிருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்த நாள் காலையில் ஓடைக்கரையில் ஒரு பாலை மரத்தடியில் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. சுற்றிவர யானை லத்தியும் கால் அடையாளமும். பொலிஸ் வந்தது, பார்த்தது, யானை தூக்கி எறிந்தாலும் இப்படி வரும் என்றது. உடம்பைத் தந்தார்கள். கொள்ளி வைக்க எங்கள் பக்கத்தில் ஆண் துணை இல்லை. முறையில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று என் புருஷனே முன்வந்து வைத்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போட வேண்டும் போல இருக்கிறது, என் கையைத்தான்.

சாம்பல் அள்ளிக் காடாத்தின மறுநாள் காலை, தனியாக ஐயனாரடிக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டை பிடிக்கப் போனேன்.

"உனக்குக் கண் பொட்டையோ?" என்று கல்லைப் பார்த்துக் கத்தினேன். "அவன் குழை போட்டிட்டுத்தானே போனவன்? உன்ர வேலை என்ன, சும்மா குந்தியிருக்கிறதோ?"

கிளையில் தம்பியின் குழை அப்படியே தொங்கியது, வாடி, இலை சுருண்டு. குருந்தங்குழை. அதைப் பார்த்ததும் மரத்தடியில் குந்திவிட்டேன். அப்போதுதான் கீழே குவிந்து கிடந்த பழைய சருகுகளுக்கு மேலே இன்னொரு குருந்தங்குழை கண்ணில் பட்டது. அதுவும் மேலே தொங்குவதைப் போலவே வாடியிருந்தது. அவனைத் தூக்கி வந்த பிறகு யானைப் பயத்தில் ஒருவரும் காட்டுப் பக்கம் போகவில்லை. அப்படியென்றால் இது யாருடையது?

ஐயனாரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலையில் நான் இருக்கவில்லை. எழும்பி மேலே இருந்த குழையைப் பிடுங்கினேன். கீழே கிடந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாகப் பிரியும் ஒரே கவரை நடுவால் கிழித்த குழைகள். ஒன்றில் உரிந்திருந்த பட்டை மற்றதன் காயத்தில் அப்படியே பொருந்தியது. என் தம்பியின் வேலை! சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். கவருள்ள கிளையாகப் பார்த்து முறித்து, நடுவால் கிழித்து, ஒரு பாதியைக் கூட வருகிறவர் கையில் கொடுப்பான். "இந்தாங்கோ அக்கா, இது உங்கட" என்று எனக்கும் எத்தனை தரம் தந்திருக்கிறான்.

அவனோடு ஒருவன் உள்ளே போயிருக்கிறான். போனவன் தனியாகத் திரும்பி வந்திருக்கிறான். வந்து, பழக்கத்தில் தன் குழையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, உள்ளே ஒருவன் கிடக்கிறான் என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் படுத்திருக்கிறான். யானையாம் யானை!

வீட்டுக்கு ஓடிவந்து முதலில் என் புருஷனிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? அவர் முற்றத்தில் மெசினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரும் விறகுக்குப் போனவை போட்டிருப்பினம்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"ஒரே கவரில கிழிச்ச குழையையோ? இஞ்ச பாருங்கோப்பா, பொருத்திக் காட்டுறன்."

"அந்தச் சனியனை ஏன் வீட்டுக்குக் கொண்டந்தனி? பிள்ளை படிக்கிற வீடு. செத்த வீட்டுத் துடக்கு."

"துடக்கோ? என்ர தம்பியை ஆரோ அடிச்சுப் போட்டிருக்கிறான், உங்களுக்குத் துடக்குத்தான் பெரிசோ?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு குரலைத் தணித்து, "சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். சுமித்திராவைப் போய்க் கேள். வவுனியாவில இருந்து தேன் வாங்க வாறவன்ர மோட்டார் சைக்கிள் அடிக்கடி அந்த வளவுக்குள்ள நிண்டதெண்டு கதை. சஜீவனுக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு அது போதும். குழைகளை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பறந்தேன்.

சுமித்திரா, தம்பியின் பெண்சாதி, கிணற்றடிப் பக்கமாக ஒரு பாயில் சுருண்டு கிடந்தாள். அவளும் எங்களைப் போல மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைதான். நானே பார்த்து, நானே பேசி, என் தம்பிக்குக் கட்டி வைத்தவள். தம்பி கட்டாரில் வேலை செய்த காலத்தில், தனியாக இருக்கிறாளே என்று கறி சமைத்தால் ஒரு பங்கு இவளுக்கு அனுப்புவேன். வயலை உழுது கொடுக்க என் புருஷனை அனுப்புவேன்.

போன வேகத்தில் அவள் தலைமயிரைப் பிடித்து எழுப்பினேன்.

"ஆரடி அவன்? சொல்லு! ஆரோட படுத்து என்ர தம்பியைக் காட்டுக்குள்ள அனுப்பினனி?"

மறுப்பாள், கத்துவாள், சத்தியம் பண்ணுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"ஓம் மச்சாள். பிழை விட்டனான்" என்றாள்.

"தேன்காரனோ?"

அவள் முகம் கோணியது. "தேன்காரன் எண்டோ சொல்லி விட்டிருக்கிறார்?"

"ஆரெண்டு கேக்கிறன்!"

"ஊருக்கெல்லாம் சொல்லுவன் மச்சாள். உங்களுக்கு மட்டும் என்ர வாயால சொல்லேலாது. என்னைக் கொல்லுங்கோ. உங்கட தம்பி என்ர போனைப் பாத்திட்டார். அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. முதல்ல அந்தாளோட தனியக் கதைக்கிறன், பிறகு அக்காட்டச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் அண்டைக்குக் காட்டுக்குப் போனவர்."

"எனக்கேன் சொல்ல வேணும்?" என்று கத்தினேன்.

கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதற்கு மறுமொழி என்ன என்று எனக்கே விளங்கியது. அவள் கூந்தலைப் பிடித்திருந்த கை தானாக விட்டுப் போனது. இவள் என் புருஷனை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள். மச்சானின் பெண்சாதி தங்கச்சி முறை. என் வீட்டு விறாந்தையில் இருந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அண்ணையாம், தங்கச்சியாம்!

"பொலிசுக்கு ஏனடி நீ வாய் திறக்கேல்லை?"

"எல்லாரும் ஆனை எண்டவை. நானும் ஆனை எண்டு நம்பப் பாத்தனான் மச்சாள்."

அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக, இருக்காது, இருக்காது என்றே சைக்கிளை மிதித்தேன். படலையைத் திறக்கும்போதே குசினிப் புகைக்கூட்டில் புகை வந்துகொண்டிருந்தது. நான் அடுப்பு மூட்டிவிட்டுப் போகவில்லை. மகள் யதுர்ஷிகா ரியூசனுக்குப் போயிருந்தாள். குசினிக்குள்ளிருந்து என் புருஷன் வெளியே வந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தனக்கென்று ஒரு தேத்தண்ணிகூட வைத்துக் குடிக்காத மனிதன்! அடுப்படி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அலுமாரிக்கு மேலே குழைகள் இல்லை.

"எங்கை அது?"

"எரிச்சுப்போட்டன். சொன்னனான்தானே, துடக்கெண்டு."

"நீ அவனோட போனனி."

அவரை நான் அதுவரை 'நீ' என்று சொன்னதில்லை. அவர் அதற்கு ஆத்திரப்படவில்லை. அதிலிருந்தே எல்லாம் தெரிந்துபோனது. வாசற்படியில் குந்தினார்.

"தவறி நடந்தது ஜெயா. அவன் எல்லாத்தையும் உன்னட்டச் சொல்லப் போறன் எண்டான். வேண்டாமெண்டு எவ்வளவு கெஞ்சினனான் தெரியுமோ? கேக்காமல் திரும்பி நடந்தான். பிடிச்சு இழுத்துத் தள்ளினனான். பின்பக்கமா விழுந்திட்டான். கல்லு கிடந்தது."

"விழேக்க உயிர் இருந்ததோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"இருந்ததோ எண்டு கேக்கிறன்!"

"தண்ணி கேட்டவன்" என்றார்.

"குடுத்தனியோ?"

அவர் காய்ந்த கையைச் சாரத்தில் துடைத்தார்.

என் தம்பி தண்ணீர் கேட்டிருக்கிறான். அத்தானிடம் கேட்டிருக்கிறான். பக்கத்தில் ஓடை ஓடுகிறது. இந்த மனிதன் அவனை அப்படியே போட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். வந்து, வீரை மரத்தடியில் நின்று, தன் குழையை எடுத்துப் போட்டு, 'வந்திட்டன் ஐயனே' என்று சொல்லியும் இருப்பான். சாமிக்குக் கணக்காகச் சொல்லியிருப்பான், சாமி கோவிக்கக்கூடாதே! சுவரோடு சாத்தியிருந்த உலக்கையைத் தூக்கினேன். மண்டையைப் பிளந்திருப்பேன்.

"அடி" என்றார் அவர். "உந்தக் கோவத்துக்குப் பயந்துதான் இவ்வளவும். அவன் உன்னட்டச் சொல்லியிருந்தால் நீ சும்மா விட்டிருப்பியோ? ஊரைக் கூட்டி என்ர மானத்தை வாங்கியிருப்பாய்."

கேட்டீர்களா கதையை? மச்சானின் பெண்சாதியோடு போனது இவர். மச்சானைத் தள்ளி விழுத்தினது இவர். தண்ணீர் கொடுக்காமல் வந்தது இவர். குற்றம் மட்டும் என் வாயில்!

"அப்ப என்ர தம்பியைச் சாகடிச்சதும் நான்தானோ?" என்றேன். "இன்னும் என்ன, கொள்ளி வைச்சதும் நான்தான் எண்டு சொல்லன்!"

நான் உலக்கையை ஓங்கினபடியே நிற்பதைப் பார்த்து, அடிக்கமாட்டேன் என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. எழும்பினார். குரலும் மாறியது.

"ஆரட்டைச் சொல்லப் போறாய்? உடம்பும் எரிஞ்சுபோச்சு, குழையும் எரிஞ்சுபோச்சு. புருசனோட கோவிச்சுக்கொண்டு தோட்டக்காட்டுப் பொம்பிளை கதை கட்டுறாள் எண்டுதான் சொல்லுவினம். யதுர்ஷிகாவை யோசி. இந்த வருசம் ஏ.எல். சோதினை எடுக்கிற பிள்ளை. கொலைகாரன்ர மகள் எண்டால் அவளை ஆர் கட்டுவான், ஆர் வேலைக்கு எடுப்பான்? செத்தவன் செத்திட்டான். இருக்கிற பிள்ளையைப் பார்."

தோட்டக்காடு. எனக்காக ஒருகாலத்தில் சண்டை பிடித்த அதே வாயால் அந்த வார்த்தையைச் சொன்னார். உலக்கையைக் கீழே போட்டேன். அடித்தால் அவனுக்கு ஒரு காயம், எனக்கு மறியற்சாலை, தம்பி செத்தது யானையாலேயே என்று இருந்துவிடும். அது நடக்கவிடக்கூடாது. என் தம்பியை யானை கொல்லவில்லை. கொன்றவன் பெயர் ஊருக்குக் கேட்க வேண்டும். அதைச் சொல்ல என் வாய் போதாது என்று அவன் சொன்னது ஒன்றுதான் உண்மை. இன்னொரு வாய் வேண்டும். அந்த வாய், இந்த உலகத்தில் நான் அதிகம் வெறுக்கிற பெண்ணின் முகத்தில் இருந்தது.

திரும்பவும் சைக்கிள். திரும்பவும் அதே வளவு. என்னைக் கண்டதும் சுமித்திரா தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"எழும்பு. பொலிசுக்குப் போறம்."

"ஏலாது மச்சாள். ஊர் என்னைத்தான் கிழிக்கும்."

"கிழிக்கும். கிழிக்கட்டும். நான் உன்னை மன்னிக்க வரேல்லை. உன்ர வாய் எனக்கு வேணும், அவ்வளவுதான். அவன் தம்பியோட போனதை நீ சொல்ல வேணும்."

அவள் என் காலைப் பிடித்தாள். அழுதாள். அழுகையினூடாக ஒன்றைச் சொன்னாள். அதை அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று சில நேரம் நினைக்கிறேன்.

"அண்டைக்கு மத்தியானம் இஞ்ச வந்தவர் மச்சாள். கிணத்தில கை கழுவினவர். சஜீவன் இனி வரமாட்டான், ஆனை எண்டு சொல்லுவினம், நீ அழு எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

மத்தியானம். தேடப் போனது பொழுதுபட்ட பிறகு. கண்டெடுத்தது அடுத்த நாள் காலை. அந்த மத்தியானமே இவள் ஒரு குரல் வைத்திருந்தால், நான் ஒருத்தியே காட்டுக்குள் ஓடியிருப்பேன். யானையாவது கரடியாவது, என் தம்பிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் விட்டிருப்பேன். அவன் பிழைத்தும் இருப்பான், யார் கண்டது? இவள் பேசாமல் இருந்திருக்கிறாள். அழு என்றதும் அழுதிருக்கிறாள்.

அடித்தேன். கை வலிக்கும்வரை அடித்தேன். அவள் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியதும் அவளே எழும்பி, கிணற்றில் முகத்தைக் கழுவி, சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இதைத்தான் சொல்ல வேணுமோ?" என்று கேட்டாள்.

"இதைத்தான். ஒரு சொல்லுக் குறையாமல்."

ஓட்டோ பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரு இளம் பொலிஸ்காரன் இடையில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னான். சுமித்திரா எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் திருப்பிக் கேட்டார்கள், திருப்பிச் சொன்னாள். எப்போதிலிருந்து பழக்கம், எங்கே, எப்படி என்று தேவையில்லாததையெல்லாம் கேட்டார்கள். வெட்கம் கெட்ட கேள்விகள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றுக்கும் மறுமொழி சொன்னாள்.

எழுதி முடித்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது.

"தமிழில வாசியுங்கோ" என்றேன்.

"அக்கா, நீங்கள் சொன்னதுதான் இருக்கு."

"நான் சொன்னதுதான் எண்டால் வாசிக்கிறதுக்கென்ன? வாசியும்!"

வாசித்தான். ஓரிடத்தில், 'வாய்த்தர்க்கத்தில் விழுந்து இறந்தார்' என்று வந்தது. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். "விழுந்தவர் இல்லை, தள்ளினவர். இறந்தவர் இல்லை, சாக விட்டவர். மாத்தி எழுதுங்கோ" என்றேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இளம் பொலிஸ்காரன் மெதுவாக, "யோசிச்சுத்தான் செய்யிறியளோ அக்கா? பொம்பிளைப் பிள்ளை இருக்கெண்டியள்" என்றான்.

"எழுதும் தம்பி" என்றேன்.

அன்று பின்னேரமே வந்து கொண்டுபோனார்கள். ரியூசன் முடிந்து வந்த யதுர்ஷிகா, புத்தகப் பையோடு படலையடியில் நின்று, தகப்பனை ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டு முடிந்ததும், "உங்களுக்கு இப்ப சந்தோசமோ அம்மா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. அவள் என்னோடு எப்போது பேசுவாளோ தெரியாது. மாமா என்றால் அவளுக்கும் உயிர்தான். ஆனாலும் அப்பா அப்பாதானே. அவளில் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒருத்தியில்தான் இல்லை.

மறுநாள் காலையில் சுமித்திராவைத் திரும்பவும் விசாரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். தனியாக விட்டால் பயந்து சொன்னதை மாற்றிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் நீதவான் முன்னால் அவள் நின்று சொல்ல வேண்டும். அவள் வாய் குழறினால் எல்லாம் முடிந்தது. என் புருஷன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு போடு என்று கேட்பான்.

மத்தியானம் அவளை வெளியே விட்டார்கள். பொலிஸ் நிலைய வாசலில் எங்கள் ஊர்ச் சனம் நின்றது. முன்னால் என் புருஷனின் சித்தப்பா ஏரம்பர், பக்கத்தில் வடிவம்மாக்கா. சுமித்திராவைக் கண்டதும் ஏரம்பர் காறி, அவள் காலடியில் துப்பினார்.

"தோட்டக்காட்டு வேசை! ஒரு குடும்பத்தையே நாறடிச்சிட்டாள்" என்றார். பின்னால் நின்றவர்கள், "ஓம், ஓம்" என்றார்கள். சுமித்திரா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெயில், பசி, இரண்டு நாள் அழுகை. ஆடிக்கொண்டிருந்தாள், இப்போதோ பிறகோ விழுந்துவிடுவாள் போல.

அப்போதுதான் ஏரம்பரின் கையைப் பார்த்தேன். வாழையிலையில் சுற்றி, பேப்பரில் கட்டிய சோத்துப் பார்சல். மற்றக் கையில் சோடாப் போத்தல்.

"அது ஆருக்கு?" என்று கேட்டேன்.

வடிவம்மாக்காதான் சொன்னாள். "தவேந்திரனுக்குத்தான் பிள்ளை. பாவம், நேற்றையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லையாம். என்ன இருந்தாலும் எங்கட பெடியன்தானே. நீயும் ஒருக்கா உள்ளுக்குப் போய் அவனைப் பாரன்."

கொன்றவனுக்குச் சோறும் சோடாவும். கொலையைச் சொன்னவளுக்கு எச்சில். ஏரம்பரின் கையிலிருந்து பார்சலைப் பறித்தேன். அவர், "ஏய், ஏய்!" என்றார்.

"துப்புறதெண்டால் உள்ளுக்குப் போய்த் துப்புங்கோ!" என்று கத்தினேன். உள்ளே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அவள் கெட்டவள்தான், எனக்கு அதை நீங்கள் சொல்லித் தர வேண்டாம். ஆனால் என்ர தம்பியைத் தள்ளி விழுத்தி, தண்ணி கேக்கக் கேக்க விட்டிட்டு வந்தது உங்கட பெடியன். ஒருத்தராவது அவன்ர முகத்தில துப்பினனீங்களோ? சோறு கட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்! செத்த வீட்டில என்ர கையைப் பிடிச்சு ஆனையைத் திட்டினியளே, இப்ப திட்டுங்கோ பாப்பம்! ஏன் வாய் வரேல்லை?"

வடிவம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுமித்திராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், றோட்டோர மதகில் இருத்தினேன். பார்சலை அவிழ்த்து மடியில் வைத்தேன். நல்ல மீன் குழம்பு, முட்டை, பொரியல். அன்போடுதான் சமைத்திருந்தார்கள்.

"சாப்பிடு."

"ஏலாது மச்சாள். தொண்டைக்குள்ள இறங்காது."

"உன்னில இரக்கப்பட்டுத் தரேல்லையடி. செத்தாலும் உன்னை மன்னிக்கமாட்டன். நாளைக்குக் கோட்டில நீ நிண்டு கதைக்க வேணும். தின்னு."

அவள் முதல் கவளத்தை எடுத்தாள். பாதிச் சோறு மடியில் சிந்தியது. அவள் அழுது அழுது தின்று முடிக்கும்வரை, ஊருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நான் அவளுக்கு முன்னால் நின்றேன்.